பின்சக்கரத்துக்கு ஒரு ரிலே

வண்டி ஓடினால் மெக்கானிக்கைப் புகழ்வார்கள், நின்றுபோனால் எலக்ட்ரீஷியனைத் தேடுவார்கள். எங்கள் தொழில் அவ்வளவுதான். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, காலை வெளியே நீட்டி, வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு படுத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் "இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்பார்கள். அப்போது ஸ்க்ரூவைத் துப்பிவிட்டு நாலு வார்த்தை கேட்கலாமா என்று உங்களுக்கும் எப்போதாவது தோன்றியிருந்தால், நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். உட்காருங்கள், பேசலாம்.

என் பெயர் கலா. தங்கவயலில் நந்திதுர்க் போகிற ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஷெட் வைத்திருக்கிறேன். எனக்கும் பக்கத்து ஷெட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். தகரத்துக்கு அந்தப் பக்கம் பாஸ்கரண்ணன். பிரேக், கிளட்ச் எல்லாம் அவர் பார்ப்பார். ஒயர் எல்லாம் நான் பார்ப்பேன். அவருக்கு கரண்ட் மேல் நம்பிக்கை கிடையாது, எனக்கு ஆயில் என்றால் ஆகாது. அதனால்தான் இத்தனை வருஷம் சண்டை போட்டும் பிரியாமல் இருக்கிறோம்.

இப்போதெல்லாம் புது வண்டிக்காரர்கள் வாரண்டி என்று சொல்லி ஷோரூமுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு மிஞ்சுவது ஹாரனும் பேட்டரியும்தான். என் வீட்டுக்காரர் செல்வம் விடியற்காலை ரயிலில் பெங்களூர் ஃபேக்டரிக்குப் போகிறவர். அவர் எனக்காக அங்கே ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் சொல்லிவைத்து, வேலையும் கிடைத்துவிட்டது. "வர்றேன்" என்று நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ரயிலேறுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் ஷெட்டுக்கு நான் பூட்டுப் போடுவதா என்று, அவர் கேட்கும்போதெல்லாம் "நாளைக்குச் சொல்றேன்" என்பேன். அப்படி நான் இழுத்தடித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் கௌதம் அந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

*ரிலே எதுக்கு?*

கௌதம் எங்கள் தங்கவயலிலேயே பாலகாட் பகுதிக்காரன். வாரமெல்லாம் பெங்களூர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான், ஞாயிற்றுக்கிழமையானால் சேற்றில் வண்டி ஓட்டும் பந்தயத்துக்குப் போய்விடுவான். மற்றவர்கள் பிள்ளையார் ஒட்டும் இடத்தில் அவன் டாஷ்போர்டில் ஒரு குட்டி புத்தர் உட்கார்ந்திருப்பார். "அவர மட்டும் நகர்த்தாம வேல பாருங்கக்கா" என்பதுதான் அவன் போட்ட முதல் கண்டிஷன்.

வேலை இதுதான். அவன் வண்டியில் முன்சக்கரம் இரண்டும் எப்போதும் இழுக்கும். பின்சக்கரங்களைச் சேர்த்துவிட நடுவில் ஒரு கிளட்ச் இருக்கிறது. அதற்கு கரண்ட் கொடுத்தால் பிடிக்கும், நிறுத்தினால் விட்டுவிடும். எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதை வண்டிக் கம்பெனி வைத்த பெட்டி தானாக முடிவு செய்யும். அந்த முடிவு இவனுக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வேறு ஒரு கன்ட்ரோலர் பெட்டி வாங்கிவிட்டான். அதில் ஒரு திருகு இருக்கிறது. திருப்பி வைத்தால் நாலு சக்கரமும் சேர்ந்தே இழுக்கும்.

நாலும் சேர்ந்து இழுத்தால் மேடு ஏறலாம். ஆனால் பந்தயத்தில் வழியில் வைத்திருக்கும் காலி டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின்சக்கரம் நின்று, வண்டியின் பின்பக்கம் வழுக்கித் திரும்பும். அந்த நேரத்தில் பின்கிளட்ச் பிடித்துக்கொண்டிருந்தால் பிரேக்கும் இஞ்சினும் ஒன்றையொன்று இழுத்து, இஞ்சின் திணறி நின்றுவிடும். ஆகவே ஹேண்ட்பிரேக்கின் பிரேக் ஆயில் லைனில் ஒரு பிரஷர் ஸ்விட்ச் வைக்க வேண்டும். அழுத்தம் ஏறியதும் ஸ்விட்ச் சொல்லும், ரிலே பின்கிளட்சுக்குப் போகும் கரண்டை நிறுத்தும். கையை விட்டதும் கரண்ட் மறுபடியும் போகும்.

"ஸ்விட்ச் இருக்கும்போது நடுவுல ரிலே எதுக்குக்கா? நேரா ஸ்விட்ச்சுலயே குடுத்துடலாமே" என்றான். கிளட்ச் இழுக்கும் கரண்டு பெரிசு, அந்த ஸ்விட்சுக்குள் இருக்கும் தகடோ சுண்டுவிரல் நகம் அளவு. நேராகக் கொடுத்தால் இரண்டு ஞாயிறு தாங்கும், மூன்றாவது ஞாயிறு கருகிவிடும். ஸ்விட்ச் சும்மா சைகை காட்டினால் போதும், பாரத்தை ரிலே தூக்கிக்கொள்ளும் என்றேன். அவன் சொன்னான்: "ஓ, எங்க மேனேஜர் மாதிரி. அவரு தலைய ஆட்டுவாரு, நாங்க தூக்குவோம்."

*மரை கடித்தது*

பிரஷர் ஸ்விட்ச் கூரியரில் வந்தது. மூன்று கால் உள்ள நல்ல ஸ்விட்ச். அழுத்தம் வந்தால் ஒரு காலை விட்டு இன்னொரு காலைப் பிடிக்கும். நான் அதைத் துடைத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, "அருமையான சாமான்" என்று பாஸ்கரண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதை லைனில் கையால் திருகினார். இரண்டு சுற்று வெண்ணெய் மாதிரி போனது. அதற்கு மேல் கடித்தது. ஸ்விட்சின் மரை வேறு, லைனின் மரை வேறு.

"ஒரு ஸ்பேனர் போட்டு இழுங்கண்ணா, ஏறிடும்" என்றான் கௌதம். பாஸ்கரண்ணன் அவனைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிரேக் லைனில் மரையைக் கடிக்கவிட்டு இறுக்கினால் அன்றைக்கு ஒழுகாது, மேட்டிலிருந்து இறங்கும்போது ஒழுகும். அவர் ஸ்விட்சையும் லைன் முனையையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டை லேத்துக்குப் போய்விட்டார். ஒரு பக்கம் அந்த மரை, மறுபக்கம் இந்த மரை, நடுவில் செம்பு வாஷர் உட்கார ஒரு வளையம் என்று கடைந்து வாங்கி வந்தார். உள்ளங்கையில் வைத்தால் மோதிரம் மாதிரி இருந்தது. இதுமாதிரி பெங்களூரில் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்களே என்று கௌதம் கேட்டதற்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அங்க கிடைக்கலன்னா இன்னாப்பா, இங்க இரும்பா இல்ல?"

*ஒரு தட்டு*

ஒரு மத்தியானம் கௌதம் தன் பந்தய டீம் தலைவியை அழைத்து வந்தான். ஷாலினி என்று பெயர். பெங்களூர்க்காரர், கன்னடம் பேசுகிறவர், தமிழும் நன்றாக வரும். அவரிடம் பந்தய வண்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒயரிங் வேலைக்கு ஆள் சரியாக அமையவில்லை என்று மூன்று கடை மாற்றியவர். என் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். நான் கட்டி வைத்திருந்த ஒயர் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். "கலா அவரே, அடுத்த ஞாயித்துக்கிழம இங்கயே, சைனைட் மேட்டுப் பக்கம்தான் ரன். கௌதம் வண்டி நல்லா போச்சுன்னா நம்ம வண்டி எல்லாம் உங்க கையிலதான்" என்றார். தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் மலையாகக் குவிந்து கிடக்கும் இடம் அது. அத்தனை வண்டிகள் வந்தால் ஷெட் நிற்கும். இல்லையென்றால் நானும் ரயிலில் நிற்பேன்.

அன்றைக்குப் பிரேக் லைனில் காற்று எடுத்துக்கொண்டிருந்தோம். மேலே ஒருவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடிக்க, அடியில் ஒருவர் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். கௌதம் போனில் இருந்ததால் "நான் இழுக்கறேன்" என்று ஷாலினியே சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாஸ்கரண்ணன் வண்டிக்கு அடியில். இங்கேதான் ஒரு விஷயம். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் அந்தச் சுரங்கத்தில், அதாவது மைன்ஸில், வேலை பார்த்தவர்கள். ஆட்களைச் சுமக்கும் கூண்டான கேஜை இறக்கவும் ஏற்றவும் அங்கே மணிதான் பேசும். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு. மைன்ஸ் மூடிவிட்டாலும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. வண்டிக்கு அடியில் இருக்கும்போது கத்த மாட்டோம், ஸ்பேனரால் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் அப்படியே நிறுத்து, கையை அசைக்காதே. இரண்டு என்றால் மெதுவாக இறக்கு. எங்கள் ஊரில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் ஷாலினிக்கும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

பாஸ்கரண்ணன் நிப்பிளைத் திறந்தார். "டங்" என்று ஒரு தட்டு. ஷாலினி ஹேண்ட்பிரேக்கை விட்டு, மறுபடி முழு பலத்தோடு ஒரு இழு. பிரேக் ஆயில் பீய்ச்சி பாஸ்கரண்ணன் சட்டை முழுக்க அபிஷேகம். அவர் பதறிப்போய் "டங் டங் டங்" என்று தட்டத் தட்ட, மேலே ஷாலினி எண்ணிக்கை தவறாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். வெளியே வந்த பாஸ்கரண்ணனைப் பார்த்து ஷாலினிக்கு ஒன்றும் புரியவில்லை. தமிழோடு கன்னட 'இல்லையா'வையும் சேர்த்து ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "கரெக்டாதானே பண்ணேன்? ஒரு தட்டுக்கு ஒரு இழு, மூணு தட்டுக்கு மூணு இழு, அல்வா?"

*நினைவு தப்பும் பெட்டி*

ஒயரிங் முடிந்தது. கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தது. திருகைத் திருப்பினால் நாலு சக்கரமும் சேர்ந்தன. நான் பெருமையாக இடுப்பில் கை வைத்துக்கொண்டு "இப்ப ஹேண்ட்பிரேக் இழுங்கண்ணா" என்றேன். பாஸ்கரண்ணன் இழுத்தார். ரிலே "டக்" என்றது. பின்கிளட்ச் விட்டது. கூடவே பச்சை விளக்கும் அணைந்தது. பெட்டி அணைந்து, எழுந்து, தான் யார், எந்த ஊர் என்று எல்லாவற்றையும் மறந்து புதுசாக ஆரம்பித்தது. மறுபடி இழுத்தோம், மறுபடி மறந்தது.

எர்த்தைச் சந்தேகப்பட்டேன், சுரண்டி வேறு இடத்தில் வைத்தேன். ஃபியூஸ் மாற்றினேன். பேட்டரி முனையைத் தேய்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பாஸ்கரண்ணன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துக் காட்ட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. ரிலேக்குள் இருப்பது ஒரு காயில், கம்பிச் சுருள். கரண்டை நிறுத்தும் அந்த நொடியில் அது எதிர்ப்பக்கமாக ஒரு துள்ளு துள்ளும். பழைய வண்டிகளில் ஹாரனும் லைட்டும் அந்தத் துள்ளலைத் தாங்கிக்கொள்ளும். இந்தப் பெட்டிக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

இதற்கு மருந்து, காயில் மேல் குறுக்கே ஒரு டயோடு. துள்ளி வரும் கரண்ட் அதற்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். செத்துப்போன ஒரு யுபிஎஸ்ஸைப் பிரித்து, ஒரு டயோடை எடுத்து, வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பார்த்துச் சால்டர் வைத்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது, எனக்குப் பசியே இல்லை. "டக்" என்றது ரிலே. பச்சை விளக்கு கண்ணை இமைக்கவில்லை. நான் சாவகாசமாகக் கை தட்டினேன். பாஸ்கரண்ணன் கீழே இறங்கி வந்து, தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, அந்த டயோடைக் குனிந்து பார்த்தார். "தம்மாத்தூண்டு அரிசி மாதிரி கீது. இதுக்கா நான் காலையிலேர்ந்து இழுத்துனு கீறேன்?"

*கேஜுக்குச் சரி, வண்டிக்குச் சரியா?*

இப்போது சொல்லப்போவது எங்களைத் தவிர வேறு எந்த ஊர் எலக்ட்ரீஷியனுக்கும் நடந்திருக்காது. அதனால் இதையும் பெருமையாகவே சொல்கிறேன்.

ரிலேயை இரண்டு விதமாகக் கட்டலாம். ஒன்று, வண்டி ஓடும்போதெல்லாம் ரிலேக்குக் கரண்ட் இருக்கும், அது பின்கிளட்சைப் பிடித்துவைத்திருக்கும். ஹேண்ட்பிரேக் இழுத்தால் கரண்ட் போய் விட்டுவிடும். இன்னொன்று, ரிலே சும்மாவே இருக்கும், பின்கிளட்ச் தன் பாட்டுக்குப் பிடித்திருக்கும்; ஹேண்ட்பிரேக் இழுத்தால்தான் ரிலே விழித்துக்கொண்டு கரண்டை வெட்டும். நன்றாக ஓடும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு ஒயர் அறுந்தால் தெரியும். முதல் விதத்தில் ஒயர் அறுந்தால் பின்சக்கரம் விட்டுவிடும். இரண்டாவதில் அறுந்தால் பிடித்தபடியே இருக்கும்.

நாங்கள் யோசிக்கவே இல்லை. என் அப்பா கேஜ் இறக்கும் வைண்டிங் ரூமில் ஃபிட்டர். பாஸ்கரண்ணன் அப்பாவுக்கு ஷாஃப்ட்டில் மரம் முட்டுக்கொடுக்கும் டிம்பர் வேலை. கேஜின் பிரேக்கைத் தூக்கிப் பிடித்திருப்பதற்குத்தான் சக்தி வேண்டும். சக்தி போனால் பிரேக் தானாக வந்து விழுந்து, கேஜ் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆள் பிழைப்பான். எங்கள் வீடுகளில் சாம்பார் சாதத்தோடு இதையும் சேர்த்துத்தான் ஊட்டினார்கள். ஒயர் அறுந்தால் எல்லாம் விட்டுவிட வேண்டும், அதுதான் பத்திரம். "இதுல பேச இன்னா கீது?" என்றார் பாஸ்கரண்ணன். "ஒண்ணுமில்ல" என்றேன். முதல் விதமாகவே கட்டினோம்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் மழை விட்டதும் சைனைட் மேட்டுப் பக்கம் வண்டியை எடுத்துப்போனோம். கௌதம் ஓட்ட, பக்கத்தில் பாஸ்கரண்ணன். நான் கீழே நின்றேன். வண்டி சேற்றில் நாலு சக்கரமும் கடித்துக்கொண்டு ஜம்மென்று ஏறியது. பாதி மேட்டில் ஒரு குழி. "தொம்" என்று குதித்தது. ரிலே சாக்கெட்டில் ஒரு ஒயர் கழன்றுவிட்டது. நாங்கள் கட்டியபடியே, சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையாக, பின்சக்கரம் விட்டது. முன்சக்கரம் இரண்டும் சேற்றில் சும்மா சுற்ற, வண்டி பின்னால் வழுக்கி, திரும்பி, ஒரு முள்ளுப்புதரில் போய் உட்கார்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் சேற்றில் விழுந்தடித்து ஓடினேன்.

புதரிலிருந்து இரண்டு பேரும் இறங்கினார்கள். பாஸ்கரண்ணன் தன் வேட்டியில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, ரிலே வேலை செய்ததா என்று கேட்டார். செய்தது அண்ணா, அதுதான் வம்பு என்றேன். கௌதம் மேட்டைக் காட்டிச் சொன்னான்: "இது கேஜ் இல்லக்கா. விட்டா நிக்காது, அது பாட்டுக்குக் கீழ போவும்."

*செல்வம் கேட்டது*

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றிக் கட்டினேன். வேலை என்று பார்த்தால் பெரிசில்லை. பிரஷர் ஸ்விட்சில் ஒயரை அடுத்த காலுக்கு மாற்றி, ரிலேயில் கிளட்ச் ஒயரை அடுத்த முனைக்கு மாற்றினால் முடிந்தது. ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு ஒயரையும் கையில் பிடித்து, "நீ அறுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுக் கேட்டுக் கட்டினேன். இப்படிக் கட்டி ஒயர் அறுந்தால் டிரம்மைச் சுற்றுவதில் நேரம் போகும், பழையபடி கட்டி அறுந்தால் வண்டி மேட்டிலிருந்து வழுக்கும். இரண்டில் எது மலிவு என்பதை மேடு எனக்குக் காட்டிவிட்டது. சாக்கெட்டையும் குலுங்காதபடி ரப்பர் வைத்து இறுக்கினேன்.

வீட்டுக்குப் போனால் செல்வம் எனக்குத் தட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெங்களூர் ஒர்க்ஷாப்பில் இதற்கு மேல் பொறுக்க மாட்டார்களாம், திங்கட்கிழமை பதில் வேண்டுமாம். அவர் என்னைக் கட்டாயப்படுத்துகிறவர் இல்லை. கட்டாயப்படுத்தினால்கூடச் சண்டை போட்டுத் தப்பிக்கலாம். அப்பளத்தை என் தட்டில் வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "நீ வேணாம்னா நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். ஆனா ஷெட்டு ஓடும்னு உனக்குத் தைரியம் கீதான்னு மட்டும் நாளைக்கு சொல்லு."

*மேடு*

ஞாயிற்றுக்கிழமை சைனைட் மேட்டுப் பக்கம் ஊரே வந்துவிட்டது. தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து, பென்ஷன்காரர்கள் நாற்காலி போட்டு, கடலை விற்கிறவர்கள் நடுவில் புகுந்து, ஒரே திருவிழா. ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். சேற்றில் இரண்டு இடத்தில் டிரம்மைச் சுற்ற வேண்டும், பிறகு கடைசியாக மேடு. யார் சீக்கிரம் மேலே போகிறார்கள் என்று பார்ப்பார்கள். எங்களுக்கு முன்னால் போன ஒரு வண்டி பாதி மேட்டில் பின்சக்கரம் விட்டு நின்றுபோய், கயிறு கட்டித்தான் இறக்கினார்கள்.

கௌதம் கிளம்பினான். முதல் டிரம். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான், பின்பக்கம் வழுக்கி, டிரம்மைத் தொடாமல் வண்டி அப்படியே திரும்பியது. கூட்டம் விசில் அடித்தது. அந்த "டக்" சத்தம் அவ்வளவு தூரத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நான் பக்கத்தில் இருந்த ஒரு முன்பின் தெரியாத அம்மாவைப் பிடித்து, "அது என் ரிலே!" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா "அப்படியா, நல்லா இருக்கட்டும்" என்றார்.

இரண்டாவது டிரம். இழுத்தான். வண்டி திரும்பவில்லை. இஞ்சின் செருமி, நிற்கப் பார்த்தது. உடனே ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, அகலமாக வளைத்து ஓட்டினான். நேரம் கொட்டிப்போனது. ஷாலினி கொஞ்சம் தள்ளி நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. போச்சு, ரயில் சீசன் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி மேட்டில் ஏறி மேலே போய் நின்றதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. கௌதம் முதல் மூன்று பேரில் வரவில்லை.

வண்டி கீழே வந்ததும் பாஸ்கரண்ணன் சேற்றிலேயே படுத்து அடியில் புகுந்தார். "டங்" என்று ஒரு தட்டு கேட்டது. நானும் குனிந்தேன். சக்கரம் தூக்கி அடித்த ஒரு கல், பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் ஒயரைச் சுத்தமாக வெட்டியிருந்தது. ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் எனக்குப் பக்கத்தில் ஷாலினியும் சேற்றில் முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இது எப்ப அறுந்துச்சு?" என்றார். ரெண்டாவது டிரம்முக்கு முன்னால் என்றான் கௌதம், அடியில் "படார்" என்று ஒரு சத்தம் கேட்டதாம். "அப்புறம் மேடு எப்படி ஏறின? பின்வீல் விட்டிருக்கணுமே?" விடாதுங்க என்றேன். எந்த ஒயர் எங்கே போகிறது, அறுந்தால் எது பிடித்துக்கொண்டிருக்கும், எதற்காக அப்படி மாற்றிக் கட்டினோம் என்று, முள்ளுப்புதரை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. கௌதம் சும்மா இருக்காமல் முள்ளுப்புதரையும் சொல்லிவிட்டான். ஷாலினி சிரிக்கவில்லை. எழுந்து, கையில் இருந்த சேற்றை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டார்.

"ஓடற வண்டிய யாரு வேணும்னாலும் காட்டுவாங்க கலா அவரே. நம்ம வண்டியில ஒரு ஒயர் போனா கயிறு கட்டிதான் இழுக்கணும். புதன்கிழம ரெண்டு வண்டி அனுப்பறேன், மீதிய அப்புறம் ஒண்ணொண்ணா அனுப்பறேன். உங்க ஷெட்ல ஜாகா இருக்குதா?" என்றார். இருக்குதுங்க, இல்லையென்றால் நடுவில் இருக்கும் தகரத்தைக் கழற்றிவிடுகிறோம் என்றேன். பாஸ்கரண்ணனை நான் கேட்கவே இல்லை. அவரும் மறுக்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் செல்வம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே, பெங்களூருக்குத் தானே போன் பண்ணிச் சொல்லிவிடுவதாகக் கையால் ஜாடை காட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சேற்றுக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதால் அன்றைக்கு எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் நான் கரி பூசின மாதிரி இருக்கிறேன். அந்த அறுந்த ஒயரை வண்டி அடியில் கிளிப் போட்டு இறுக்கியது யார் தெரியுமா என்று நான் பாஸ்கரண்ணனை முறைத்தேன். அவர் ஒரு பொட்டலம் கடலையைப் பிரித்து, எனக்கும் கொஞ்சம் கொட்டிவிட்டு, அசராமல் சொன்னார்: "நான் அந்தக் கிளிப்ப இறுக்கிப் போட்டிருந்தா உனக்கு இந்த ஆர்டரே கெடச்சிருக்காது, பாத்துக்க."

ஆக, தொழிலில் என்னோடு அவதிப்படும் சொந்தங்களே, நாம் ஒழுங்காகக் கட்டின ஆயிரம் ஒயரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எனக்கு ஊரில் பேர் வந்தது அறுந்துபோன ஒரு ஒயரால்தான்.